எடை மெஷினும் பிரஷர் மாத்திரையும்

“இந்தப் பிரஷர் மாத்திரையப் போட ஆரம்பிச்சதுல இருந்துதான் கண்ணு ஒடம்பு ஊதிருச்சு.” வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. சொல்பவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை ஆரம்பித்ததும் உண்மை, உடம்பு ஊதியதும் உண்மை. ஒன்றினால்தான் மற்றொன்று வந்ததா என்பதே கேள்வி. மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளாக இந்த மாத்திரைகளைக் கையாண்டு வருவதால் இதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. ஆனால் அது ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் அடங்காது. எந்த மாத்திரை என்று முதலில் கேட்கவேண்டும். அடுத்து, ஊதியது கொழுப்பா நீரா என்று கேட்கவேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் அரியூர் நாடும் ஒன்று. காரவள்ளியிலிருந்து வரும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைக்கு வரவேண்டும். மேலே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கின்றன. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, நிழலில் காப்பிச்செடி, சரிவில் வாழையும் குச்சிக்கிழங்கும். இப்படி ஏறி இறங்கி உழைக்கிறவர்களுக்குப் பிரஷர் எப்படி வரும் என்று கீழ்நாட்டுக்காரர்கள் நினைப்பதுண்டு. தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புக் குழுமம் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் பழங்குடியினரிடையே நடத்திய ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது.

மாநிலம் முழுமைக்கும் 2020இல் எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதற்குப் பின்னால் இருந்த நியாயம் இதுதான். ஆஸ்பத்திரிக்கு வர ஒரு நாள் கூலியை இழக்கவேண்டிய ஊர்களில், மாத்திரை வீட்டுக்கே வந்தால் விடாமல் போடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு. மாத்திரை வந்துவிடுகிறது. ‘ஒடம்பு ஊதுது’ என்ற சந்தேகம் வந்தால் வந்த மாத்திரை டப்பாவிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தச் சந்தேகத்தை அற்பமென்று தள்ளாமல் ஆராய வேண்டியிருக்கிறது.

சந்தேகத்துக்கு உரிய முதல் மாத்திரை அடெனலால். பீட்டா பிளாக்கர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை புரோப்ரனலாலை 1960களில் உருவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். 1988இல் நோபல் பரிசு பெற்றார். மெட்டோப்ரலாலும் இவர்களின் உறவுதான். அட்ரினலின் வந்து தட்டும் கதவுகளை இவை அடைத்துவிடுகின்றன. இதயத் துடிப்பு குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. ஆனால் அட்ரினலினுக்கு வேறு வேலைகளும் உண்டு. சேமித்த கொழுப்பைக் கரைத்து வெளியே விடச் சொல்வதும், சாப்பிட்டபின் உடம்பு சற்றுச் சூடாகிக் கொஞ்சம் எரிபொருளைச் செலவழிப்பதும் அதன் தயவில் நடப்பவை. கதவை அடைத்தால் இந்தச் செலவும் சுருங்கும்.

எவ்வளவு சுருங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நடந்த எட்டு ஆய்வுகளை 2001இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பீட்டா பிளாக்கர் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நடுக்கணக்காக 1.2 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அந்தக் கூடுதலும் முதல் சில மாதங்களில் வந்து பிறகு நின்றுவிட்டது. வருடா வருடம் ஏறிக்கொண்டே போகவில்லை. இங்கிலாந்தில் சர்க்கரை நோயாளிகளை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1998இல் வெளியானது. அதில் அடெனலால் குழுவினருக்கு 3.4 கிலோ கூடியது, கேப்டோபிரில் குழுவினருக்கு 1.6 கிலோ. எடையைக் கூட்டாத மாத்திரை எடுத்தவர்களும்கூட ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். மாத்திரையின் மேல் சுமத்தக்கூடியது இரண்டு கிலோவுக்கும் குறைவு. பத்துக் கிலோ ஏறிய ஒருவர் எல்லாப் பழியையும் அடெனலால்மேல் போட்டால் எட்டுக் கிலோவுக்கு வேறு சாட்சி தேடவேண்டியிருக்கும்.

ஆனாலும் இந்தக் குடும்பத்துக்கு நான் முழு விடுதலை தரமாட்டேன். தராசில் தெரியாத ஒரு தொந்தரவை அது செய்கிறது. எடை குறைக்க நடக்கப் போகிறவரின் கால்களை அது பின்னுக்கு இழுக்கிறது. மேட்டில் ஏறும்போது இதயம் வேகமெடுக்க வேண்டும். மாத்திரை அதற்கு விடாது. பழைய வேகத்தில் ஏற முடியவில்லை, சீக்கிரம் அசந்துபோகிறது என்பார்கள். சமதளத்துக்காரருக்கு இது சிறிய குறை. மேடேறாமல் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகமுடியாத மலைக்காரருக்கு இது அன்றாடம். இவர்களிடம் ‘நாடித்துடிப்பு இத்தனை வரும்வரை வேகமாக நடங்கள்’ என்று அச்சடித்த அட்டவணையைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அந்த எண் வரவே வராது. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற அளவுக்கு நடந்தால் போதும் என்பதுதான் இவர்களுக்குச் சரிப்பட்டு வரும் அளவுகோல்.

அந்தக் குடும்பத்திலும் எல்லோரும் ஒரே குணம் இல்லை. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருந்தவர்களுக்கு மெட்டோப்ரலாலையும் கார்வெடிலாலையும் கொடுத்து ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில், முன்னதற்கு 1.2 கிலோ கூடியது, பின்னதற்கு 0.2 கிலோதான். நெபிவலாலும் பெரும்பாலும் எடையைத் தொடுவதில்லை. வெறும் பிரஷருக்கு முதல் மருந்தாகப் பீட்டா பிளாக்கரைக் கொடுக்கும் வழக்கமும் தேய்ந்துவிட்டது. அடெனலாலைவிட ஆம்லோடிபின் வழி பக்கவாதத்தையும் புதிதாகச் சர்க்கரை வருவதையும் கூடுதலாகத் தடுத்தது என்று 2005இல் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு பிரிட்டன் அதைப் பின்வரிசைக்குத் தள்ளியது. இந்தியாவில் 2017இல் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியின் வழிமுறையும் ஆம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் என்றே போகிறது. ஆகவே பல ஆண்டுகளாக அடெனலாலிலேயே இருப்பவர், எடையும் பிரச்சினையாக இருந்தால், “இதை மாற்றலாமா டாக்டர்?” என்று கேட்பது நியாயமான கேள்வி. மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர் ஆகியோருக்கு அது வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு ஒன்றிரண்டு கிலோ ஒரு பொருட்டே அல்ல. யாராக இருந்தாலும் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அடைத்து வைத்த கதவு படீரென்று திறந்தால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலியும் வரலாம்.

அடுத்தது நீர். ஏமாற்றம் அதிகம் இங்கேதான்.

ஆம்லோடிபின் போடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மாலையில் செருப்பு இறுக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். 5 மில்லிகிராமில் நூற்றுக்கு மூன்று பேருக்கு, 10 மில்லிகிராமில் பத்துப் பேருக்கு மேல் என்று மருந்தின் பரிசோதனைகளிலேயே பதிவாகியிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ‘ஊதிருச்சு’ என்று சொல்வதில் ஒரு பங்கு இந்தக் காலைப் பார்த்துச் சொல்வதாகத்தான் இருக்கும். இது கொழுப்பு அல்ல. உடம்பு மொத்தமாக உப்பையும் நீரையும் தேக்கிவைப்பதும் அல்ல. சின்ன ரத்தக்குழாய்களின் நுழைவாயிலை மாத்திரை விரிக்கிறது; வெளியேறும் வாயில் அதே அளவு விரிவதில்லை. இடையில் கூடும் அழுத்தத்தில் நீர் கசிந்து, நின்றுகொண்டே வேலை செய்பவரின் காலில் இறங்குகிறது. அதனால்தான் இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தால் பெரிதாகக் கேட்பதில்லை. அளவைக் குறைப்பதோ, எனலாபிரில் அல்லது டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பதோ கேட்கும். இவை வெளிவாயிலையும் விரிப்பவை. பட்டினி கிடந்தால் இந்த வீக்கம் வடியாது. இரவுச் சோற்றை விட்டுவிட்டு, காலையில் காலைப் பார்த்து மனம் நொந்துபோவதில் பயனில்லை.

வீக்கத்தில் ஒரு விலக்கை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தால் அது மாத்திரை வீக்கம் அல்ல, இதயமோ சிறுநீரகமோ திணறுவதன் அறிகுறி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நீர் மாத்திரையின் ஏமாற்று இதற்கு நேர்மாறானது. குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவற்றைத் தொடங்கிய முதல் வாரத்தில் எடை ஒரு கிலோ, சிலருக்கு அதற்கு மேலும் இறங்கும். அத்தனையும் சிறுநீராகப் போன நீர். கொழுப்பு ஒரு கிராம்கூடக் கரைந்திருக்காது. இதைத் தெரிந்துகொண்டு, எடை குறைக்கவே நீர் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் நகரங்களில் உண்டு. பொட்டாசியம் இறங்கித் தசை தளர்வதும், யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்குவதும், சர்க்கரை சற்றுக் கூடுவதும்தான் அவர்களுக்கு மிச்சம்.

எனலாபிரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எடையை இவை கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. எனலாபிரிலால் வறட்டு இருமல் வரலாம், அவ்வளவுதான். பருமனும் சர்க்கரையும் உள்ளவருக்குப் பிரஷர் மருந்து தேர்ந்தெடுக்கும்போது பீட்டா பிளாக்கரை விட்டு இந்த வகையிலிருந்து தொடங்கலாம் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2015இல் சொன்னதற்கும் இதுதான் காரணம். பழைய மருந்துகளில் குளோனிடின், மெத்தில்டோபா, மினாக்சிடில் ஆகியவை எடையையோ நீரையோ கூட்டக்கூடியவை. இன்று அபூர்வமாகவே எழுதப்படுகின்றன. மூலிகையிலிருந்து வந்த மருந்து உடம்பை ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் சர்ப்பகந்தியின் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அந்த வேரின் பிரஷர் குறைக்கும் குணத்தை எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பசி கூடுவது, எடை கூடுவது, மனச்சோர்வு எல்லாம் அந்த மருந்தோடு கூடவே வந்தன.

இனி அந்த எட்டுக் கிலோவுக்கான சாட்சிகள். பலருக்குப் பிரஷர் மாத்திரை தனியாக வருவதில்லை. அதே அட்டையோடு சர்க்கரை மாத்திரையும் வரும். மெட்ஃபார்மின் எடையைக் கூட்டாது, சற்றுக் குறைக்கவும் செய்யும். கிளிபென்கிளமைடு, இன்சுலின் இரண்டும் கூட்டும். இன்சுலின் நான்கு கிலோவரை கூட்டியதாக மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வுத் தொடரிலேயே வந்தது. பழி மட்டும் பிரஷர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் உப்பையும் நீரையும் தேக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். ஒரு கையால் மாத்திரை இறக்கியதை மறு கையால் ஏற்றிவிடும். ஸ்டீராய்டு கலந்த ‘உடனடி நிவாரண’ மாத்திரைகளும் ஊசிகளும் இன்னும் மோசம். முகம் உருண்டு, வயிறு முன்தள்ளி, பிரஷரும் சர்க்கரையும் ஒருசேர ஏறும். ‘ஊதிருச்சு’ என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி காலம். பிரஷர் மாத்திரை தொடங்குவது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதில். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதும், காட்டுவேலையைப் பிள்ளைகளிடம் விடும் வயதும் அதுதான். மாத்திரையே போடாத வயதினரும் இதே ஆண்டுகளில் பருத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 சதவீதம், ஐந்தாவதில் 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37 சதவீதமாகியிருக்கிறது.

மலையில் என்ன மாறியது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் எழுபதுகளுக்குப் பிறகு குச்சிக்கிழங்கு ஏறியது. கீழே சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்தன. கிழங்கு லாரியில் இறங்கிற்று, அரிசி ரேஷன் கடைக்கு ஏறிற்று. பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பெயர் சொல்லி வைத்திருந்த வகைகளை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே உழைத்தது. உரலில் குத்தும் பாட்டுக்கு அஞ்சித்தான் பெண்கள் சாமையை விட்டார்கள் என்பது புரிந்து, குத்தும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது. சாமையை மருந்தாக்கிப் பேசும் சந்தை விளம்பரங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. அளவுக்கு மீறித் தின்றால் அதுவும் மாவுச்சத்துதான். ஆனால் மூன்று வேளையும் தீட்டிய அரிசி, இடையிடையே சர்க்கரை போட்ட டீ, பொட்டலத் தீனி, சந்தைக்குப் போக பைக் என்ற வாழ்க்கையில் ஏறும் எடைக்கு 5 மில்லிகிராம் மாத்திரையைக் கைகாட்டுவது நியாயமில்லை.

கேள்வியின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாத்திரை எடையை என்ன செய்கிறது என்று கேட்கிறோம். எடை குறைந்தால் மாத்திரைக்கு என்ன ஆகிறது? 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் கணக்கில், ஒரு கிலோ குறைந்தால் அழுத்தம் சுமார் ஒரு புள்ளி இறங்குகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு நான்கைந்து புள்ளி. ஒரு மாத்திரை செய்யும் வேலையில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். பழைய அளவு மாத்திரையையே தொடர்ந்தால் உட்கார்ந்து எழும்போது கண் இருட்டும், தலை கிறுகிறுக்கும். வாழைத்தோட்டச் சரிவில் நிற்பவருக்கு அது விழுந்து எலும்பு முறியும் ஆபத்து.

இது மெதுவாகக் குறைக்கிறவர்களின் நிலை. வேகமாகக் குறைப்பவர்களுக்கு ஆபத்து முதல் வாரத்திலேயே வரும். தமிழில் முகநூல் குழுக்கள் வழியே பரவிய பேலியோ போன்ற மாவுச்சத்து குறைந்த உணவுமுறைகளில், கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைகோஜன் கரையும்போது அதனோடு பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே விடுகிறது. முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று மகிழ்பவருக்கு அதில் பெரும்பங்கு நீர். ஏற்கெனவே நீர் மாத்திரை போடுகிறவராக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். பிரிட்டனில் 2017இல் முடிவுகள் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வில், சர்க்கரை நோயாளிகளைக் குறைந்த கலோரி பானங்களில் வைத்தபோது பிரஷர் மாத்திரைகளை முதல் நாளிலேயே நிறுத்திவிட்டு, அழுத்தத்தை அளந்துகொண்டே தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தார்கள். மருத்துவர் மேற்பார்வையில் அளவு கருவி பக்கத்தில் இருக்கச் செய்தது அது. புரட்டாசி விரதத்துக்காகத் தானாக மாத்திரையை நிறுத்துவதற்கு அதை ஆதாரம் காட்ட முடியாது.

அரியூர் நாட்டைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. பிரஷர் உள்ள எல்லோரும் பருத்தவர்கள் அல்ல. ஒல்லியான, வெயிலில் உலர்ந்த உடம்புக்காரர்களுக்கும் 160க்கு மேல் இருக்கலாம். அவர்களிடம் ‘எடையைக் குறையுங்கள்’ என்ற அச்சடித்த அறிவுரையைக் கொடுத்தால் இருக்கும் தசையும் போய்விடும். அவர்களுக்கு உரிய கேள்வி உப்பு. நாளைக்கு 5 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாய், கருவாடு, பொட்டலத் தீனி சேர்ந்தால் எளிதில் தாண்டிவிடும். சீனாவின் 600 கிராமங்களில் சமையல் உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. கிராமத்துக்குப் பொருந்தக்கூடிய வழி இது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன் அல்லது எனலாபிரில் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் தடுமாறும்.

அளப்பதிலும் ஒரு சொல். மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் எடை மெஷின் நீரையும் சேர்த்தே சொல்லும். அந்தக் காலத்தில் டெய்லர் டேப் கூடுதல் நம்பகமானது. இந்தியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர் இடுப்பளவைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு என்று கொள்ளலாம். கால் வீங்கினாலும் இடுப்பளவு மாறாது. நீர் மாத்திரை போட்டாலும் இடுப்பு சுருங்காது.

எடை குறைக்க விற்கும் பொருள்கள் பிரஷரை என்ன செய்கின்றன என்பது தனிக் கதை. பசியைக் குறைக்கும் சிபுட்ரமின் நாடியையும் அழுத்தத்தையும் ஏற்றி, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பைக் கூட்டியதால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியா 2011இல் தடை செய்தது. ‘இயற்கை மூலிகை’ என்று விற்கும் எடைக் குறைப்புப் பொடிகளில் அது கலந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வகங்கள் அதன் பிறகும் கண்டுபிடித்திருக்கின்றன. தொண்டைக்கு நல்லதென்று தினமும் மெல்லும் அதிமதுரம்கூட உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கிப் பிரஷரை ஏற்றும்.

புதிதாக வந்திருக்கும் ஊசிகள் எதிர்த்திசையில் போகின்றன. டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. எடை குறையக் குறைய அழுத்தமும் இறங்குகிறது; டிர்செபடைடு ஆய்வில் மேல் அழுத்தம் ஏழு புள்ளி அளவுக்கு இறங்கியது. அதனால் இந்த ஊசி போடுகிறவர்களுக்கும் டெல்மிசார்டனின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். அறிமுக விலையில் 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரத்துக்கு ஒன்று வேண்டும். மாதம் 17,500 ரூபாய் என்பது அரியூர் நாட்டில் மிளகு விலை ஏறிய வருடத்திலும் யோசிக்க முடியாத தொகை. இங்கே நடக்கக்கூடிய காரியம் சிறியது. மாத்திரை கொண்டுவருபவர் அழுத்தத்தை அளக்கும்போது இடுப்பையும் ஒருமுறை அளந்து எழுதலாம். கால் வீங்கியது, மேடேற அசதி, வலிக்கு வேறு மாத்திரை என்று சொல்வதையும் சேர்த்தே எழுதி ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுக்கலாம். அடெனலாலை மாற்றுவதா, ஆம்லோடிபினைப் பாதியாக்குவதா என்று அந்தத் தாளைப் பார்த்தே அவர் முடிவெடுக்க முடியும்.